பால்மரத்தின் தாய்வீட்டில் ஒரு பச்சைச் சட்டைக் குழு

மனாவுஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்தும் வேலை எனக்கு இருக்கவில்லை. மலேசியாவுக்கும் அந்த ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இங்கே காலை ஏழு என்றால் அங்கே முந்தைய நாள் இரவு ஏழு. முள் அதே இடத்தில்தான் நிற்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று டிகிரியில் கோலாலம்பூர், தெற்கே மூன்று டிகிரியில் மனாவுஸ். வெளியே வந்ததும் முகத்தில் அடித்த ஈரக்காற்றும், பிற்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து போன மழையும் நம் ஊர்ச் சரக்குதான். கோலாலம்பூரிலிருந்து டோஹா, அங்கிருந்து சாவ் பாவ்லோ, பிறகு உள்நாட்டு விமானத்தில் இன்னும் நான்கு மணி நேரம் என்று உலகத்தையே சுற்றி வந்து, கடைசியில் ஈப்போவில் இறங்கியது போல் இருந்தது.

பிரேசில் போகிறேன் என்றதும் உறவினர்கள் எல்லாரும் ரியோ கடற்கரையையும் ஏசு சிலையையும் பற்றித்தான் கேட்டார்கள். மனாவுஸ் என்றதும், "அங்கே என்ன இருக்கு அக்கா, வெறும் காடுதானே?" என்றான் தம்பி. அங்கே இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, நம் அம்மாவும் பாட்டியும் வாழ்நாள் முழுதும் வெட்டிய பால்மரத்தின் பூர்வீகம். இன்னொன்று, இராண்டுபா என்ற பெண்கள் காற்பந்துக் குழு. 2017ஆம் ஆண்டில், காட்டுக்கு நடுவிலுள்ள இந்த நகரத்தில், ஒரு பெண்கள் குழுவின் ஆட்டத்தைப் பார்க்க 25,371 பேர் திரண்டார்கள் என்று படித்தது மனதில் ஒட்டிக்கொண்டு விட்டது. பிரேசிலில் பெண்கள் குழுக்களின் ஆட்டத்துக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. ரியோவிலும் சாவ் பாவ்லோவிலும் நடக்காதது இங்கே எப்படி நடந்தது? நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரமும் இருந்தது.

முதல் நாள் நகரத்தின் நடுவிலுள்ள தியேட்ரோ அமசோனாஸைப் பார்க்கப் போனேன். 1896 டிசம்பர் 31ஆம் தேதி திறக்கப்பட்ட இசை நாடக அரங்கம் அது. கூரையின் மேல் பிரேசில் கொடியின் நிறங்களில் 36,000 ஓடுகள் பதித்த கோபுரம். இத்தாலியப் பளிங்கு, ஐரோப்பிய விளக்குகள், ஐரோப்பிய இரும்பு எல்லாம் கப்பலேறி, பிறகு ஆற்றில் ஆயிரம் மைல் வந்திருக்கின்றன. நாடகம் நடக்கும்போது வெளியே குதிரை வண்டிச் சத்தம் கேட்கக்கூடாது என்று வாசல் பாதையில் ரப்பர் கலந்து போட்டார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லயத்து வீட்டில் மழை ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துப் படுத்தவர்கள் நாங்கள். அதே ரப்பர் இங்கே பணக்காரர்களின் காதுக்குப் பஞ்சாக இருந்திருக்கிறது.

அந்தச் செல்வம் முப்பது நாற்பது ஆண்டுதான் நீடித்தது. அதை முடித்துவைத்ததில் நமக்கும் பங்கு உண்டு. 1876ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், மனாவுஸுக்குக் கிழக்கே தபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது, பார்த்திருப்பீர்கள். நான் பிறந்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். பள்ளிச் சுற்றுலாவில் அந்த மரத்தைச் சுற்றி நின்று படம் எடுத்திருக்கிறோம். அமேசான் காட்டில் பால்மரம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். வரிசையாக நட்டால் இலைகருகல் நோய் வந்து மொத்தமாகக் கொன்றுவிடும். மலாயாவில் அந்த நோய் இல்லை. நிரை பிடித்து நட்டார்கள், தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். 1913 வாக்கில் ஆசிய ரப்பர் பிரேசில் ரப்பரை முந்தியது. மனாவுஸ் பிரபுக்கள் மாளிகைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மரீனா தோ தாவி படகுத்துறையிலிருந்து அரை மணி நேரப் படகுப் பயணத்தில், ரப்பர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. வீலா பரைசோ என்பது அதன் பெயர். ஒரு திரைப்படத்துக்காகக் கட்டிய அரங்குகளை அப்படியே அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள். முதலாளியின் வீடு, அவருடைய கடை, பால் வெட்டுபவரின் குடிசை, பாலைப் புகையில் காட்டி உருண்டையாகத் திரட்டும் கூடம், ஒரு சிறிய இடுகாடு. வழிகாட்டி இளைஞர் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்தைக் கீறிக் காட்டினார். பால் வழிந்து தகரக் குவளைக்குள் சொட்டியது. நான் அருகில் போய் மரத்தில் விரலை வைத்து, வெட்டு ஆழமாகப் போய்விட்டது, இப்படி வெட்டினால் பட்டை முடிச்சுப் போடும் என்றேன். என் கைப்பேசி அதைப் போர்த்துகீசிய மொழியில் சொன்னது. "சென்யோராவுக்கு எப்படித் தெரியும்?" என்று திகைத்தார். அம்மாவோடு மங்கு துடைக்கப் போன கை இது என்று சொன்னேன். மங்கு என்பதைக் கைப்பேசி எப்படி மொழிபெயர்த்ததோ தெரியவில்லை, அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

அங்கே பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் வடகிழக்குப் பிரேசிலில் பஞ்சம் தாங்காமல் வந்தவர்கள். வரும் வழிச் செலவு, கத்தி, அரிசி எல்லாம் முதலாளி கடைக் கணக்கில் கடனாக ஏறிவிடும். வெட்டிய பாலை அதே கடையில்தான் கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைக்கு. கங்காணி துண்டுச் சீட்டு நடத்திய கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. புதிதாகத் தெரிந்தது வேறொன்று. 1942ல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்காமல் போயிற்று. அமெரிக்காவும் பிரேசிலும் ஒப்பந்தம் போட்டு, 50,000க்கும் மேற்பட்ட ஏழை மக்களை 'ரப்பர் படையினர்' என்று பெயர் சூட்டி அமேசான் காட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சலிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நம்மவர்கள் சயாம் மரண ரயில் பாதையில் செத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். அந்தச் சிறிய இடுகாட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

மத்தியானம் படகுத்துறைச் சாப்பாட்டுக் கடையில் தம்பாக்கி என்ற ஆற்று மீனின் விலா எலும்பைச் சுட்டுக் கொடுத்தார்கள். மீனுக்கு ஆட்டு விலா போல எலும்பு! கூடவே மரவள்ளி மாவை வறுத்துத் தூவினார்கள். ஜப்பான்காரன் காலத்தில் நம்மவர் உயிரைக் காப்பாற்றிய மரவள்ளிக்கும் இந்த நாடுதான் பிறப்பிடம்.

காற்பந்துக்கு வருகிறேன்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் வழியில், பெரிய கூடை ஒன்றைக் கவிழ்த்தாமல் வைத்தது போல் ஓர் அரங்கம் தெரியும். அரேனா தா அமசோனியா. 2014 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டினார்கள். பழங்குடி மக்கள் முடையும் கூடையைப் பார்த்து வரைந்த வடிவம். நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கைகள். உலகக் கிண்ணத்தில் இங்கே நடந்தது நான்கே ஆட்டங்கள். இங்கிலாந்தை இத்தாலி தோற்கடித்தது இங்கேதான். பிறகு என்ன? இந்த மாநிலத்தின் ஆண்கள் குழு எதுவும் அப்போது தேசிய முதல் பிரிவின் பக்கத்தில்கூட இல்லை. சில நூறு பேர் பார்க்கும் ஆட்டத்துக்கு நாற்பதாயிரம் நாற்காலி. கட்டும்போது தொழிலாளர்கள் உயிரிழந்ததும், கோடிக்கணக்கில் பொதுப்பணம் போனதும் சேர்ந்து, 'வெள்ளை யானை' என்று உலகப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன.

அந்த யானைக்குத் தீனி போட்டவர்கள் பெண்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரேசில் மகளிர் அணி தென்னாப்பிரிக்காவோடு மோதிய ஆட்டம் இங்கே நடந்தது. கோல் எதுவும் விழவில்லை, ஆனால் அரங்கம் நிரம்பி வழிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நான்கு நாடுகள் கலந்துகொண்ட மகளிர் போட்டியும் இங்கேதான். சுற்றுலாவாக உள்ளே போனபோது, பழ நிறங்களில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் காலி நாற்காலிகளைக் காட்டி, "இவை நிரம்பியதை நான் பார்த்திருக்கிறேன்" என்றார் காவலாளி. எப்போது என்று கேட்டதற்கு அவர் உலகக் கிண்ணத்தைச் சொல்லவில்லை. "இராண்டுபா, சந்தோஸ்" என்றார்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் பிரேசிலின் பழைய சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 ஏப்ரலில் வந்த 3199ஆம் எண் ஆணை, பெண்கள் தங்கள் 'இயல்புக்கு ஒவ்வாத' விளையாட்டுகளில் ஈடுபடக்கூடாது என்றது. 1965ல் இன்னும் தெளிவாகக் காற்பந்தைப் பெயர் சொல்லியே தடுத்தார்கள். 1979ல்தான் தடை நீங்கியது. பெலே மூன்று உலகக் கிண்ணம் வென்ற காலமெல்லாம், அதே நாட்டில் ஒரு பெண் முறையான ஆட்டத்தில் பந்தை உதைத்தால் அது சட்ட மீறல்! உலகக் கிண்ணம் ஏழிலும் ஒலிம்பிக் ஏழிலும் ஆடிய ஃபொர்மிகா பிறந்தது 1978ல், தடை இருந்த காலத்தில். அவர் தேசிய அணிக்குக் கடைசியாக ஆடியது 2021 நவம்பரில், இதே மனாவுஸ் அரங்கில். அன்று எதிரணி எது தெரியுமா? இந்தியா. பிரேசில் 6-1 என்று வென்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்த மனிஷா கல்யாணின் பெயரை, என்னை ஏற்றி வந்த வாடகைக் கார் ஓட்டுநர் இன்னும் நினைவு வைத்திருந்தார். எங்கள் வலைக்குள் இந்தியப் பெண் பந்தைப் போட்டுவிட்டாள் என்று சிரித்தார். நான் மலேசியா என்று சொல்லியும் அவர் கணக்கில் நானும் அந்த அணியைச் சேர்ந்தவள்தான். பெருமையை வேண்டாம் என்று சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

மனாவுஸில் இன்னொரு விசேஷம் உண்டு. பெலதாவ் என்ற ஊர்ப்போட்டி. 1973ல் உள்ளூர் நாளிதழ் ஒன்று தொடங்கியது. நூற்றுக்கணக்கான குழுக்கள் ஆடும். பேட்டைக்கொரு குழு, தொழிற்சாலைக்கொரு குழு. ஒவ்வொரு குழுவும் ஓர் அழகு ராணியைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ராணிகளுக்குத் தனிப் போட்டி. குழு திடலில் தோற்றுப் போனாலும், அதன் ராணி அழகுப் போட்டியில் முன்னேறினால், குழுவுக்கு மறுவாய்ப்பு கிடைக்கும்! கேட்கும்போது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆண்கள் விட்ட கோலுக்குப் பெண் மேடையில் நடந்து ஈடு கட்டுகிறாள். இப்போது பெலதாவில் பெண்கள் பிரிவும் இருக்கிறது, பழங்குடிப் பிரிவும் இருக்கிறது. ராணிகளும் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஆற்றைக் கடந்து இராண்டுபா ஊருக்கே போனேன். ரியோ நீக்ரோ ஆற்றின் மேல் மூன்றரைக் கிலோமீட்டர் நீளப் பாலம். தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறம். முன்பெல்லாம் வாகனங்களைப் படகில் ஏற்றிக் கடந்தார்களாம், மணிக்கணக்கில் வரிசையாம். பாலம் திறந்தது 2011 அக்டோபரில். இராண்டுபா காற்பந்துக் குழு பிறந்ததும் அதே 2011ல்தான். கறுப்பு ரியோ நீக்ரோவுக்கும் பழுப்பு சோலிமோயின்ஸுக்கும் இடைப்பட்ட நிலம் இந்த ஊர். இரண்டு ஆறுகளும் கீழே சந்தித்தும் சேராமல், கறுப்பும் பழுப்புமாக ஆறு கிலோமீட்டருக்குப் பக்கம் பக்கமாக ஓடுவதைப் பார்க்கத்தான் சுற்றுலாப் பயணிகள் படகில் போகிறார்கள். ஊருக்குள் யாரும் போவதில்லை. போனால் பார்ப்பதற்கு செங்கல் சூளைகள்தான். மனாவுஸ் நகரம் கட்டப்படும் செங்கல்லும் ஓடும் இங்கே சுடப்படுகின்றன. சாலையோரம் சிவப்பு மண், விறகு அடுக்கு, புகைபோக்கி, தலையில் துண்டு கட்டிய ஆட்கள்.

இந்தச் சின்ன ஊரின் பெயரில் அமைந்த குழு, பெண்கள் பிரிவில் மாநிலப் பட்டங்களைத் தொடர்ந்து குவித்தது. சட்டை பச்சை நிறம். அதனால் 'ஹல்க்' என்று பட்டப்பெயர், நம் பிள்ளைகள் பார்க்கும் அதே பச்சை ராட்சசன். வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து தேசிய முதல் பிரிவில் நிமிர்ந்து நின்றது. இங்கிருந்து சாவ் பாவ்லோவுக்குப் போக நல்ல சாலை கிடையாது. ஒவ்வொரு வெளியூர் ஆட்டமும் விமானத்தில்தான், மூவாயிரம் கிலோமீட்டர்வரை. எதிரணி வருவதும் அப்படியே. வந்து இறங்கிய தெற்கத்திக் குழுக்கள் வெயிலில் துவண்டு போவதைப் பார்க்கவே கூட்டம் வரும் என்றார் ஓட்டுநர்.

ஆற்றங்கரைச் சந்தையில் தக்காக்கா விற்கும் அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தக்காக்கா என்பது மரவள்ளிச் சாற்றில் காய்ந்த இறாலும் ஒரு வகைக் கீரையும் போட்ட சூடான கஞ்சி. சுரைக்குடுக்கையில் தருவார்கள். அந்தக் கீரை நாக்கை மரக்கச் செய்யும், பல் வைத்தியரிடம் ஊசி போட்ட மாதிரி. வாய் மரத்து நான் திணறியதைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நன்றாகப் பேசினார்.

2017ல் கால் இறுதியில் ஃப்ளமெங்கோவை இராண்டுபா வெளியேற்றியது. ரியோவின் ஃப்ளமெங்கோ என்றால் பிரேசில் முழுக்க ரசிகர்கள் உள்ள பெயர். அடுத்து அரையிறுதியில் சந்தோஸ், பெலேயின் குழு. "என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகப் பந்து பார்க்கப் போகிறார். ஒரு நாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு நானும் மகள்களும் போனோம். அவரைத்தான் கடையில் உட்கார வைத்தேன்" என்றார் அந்த அம்மா. பாலம் முழுக்கப் பேருந்தாம். இறங்கிய பிறகு எந்த வாசல் வழியாகப் போவது என்றுகூடத் தெரியவில்லையாம், அரங்கத்துக்கு முதல் தடவை. இராண்டுபா அந்த அரையிறுதியில் தோற்றது. சந்தோஸ் அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றது. தோற்றதைப் பற்றிக் கேட்டால் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாங்கள் கத்தியது சந்தோஸ் பெண்களுக்கு இன்னும் காதில் கேட்கும்" என்றார்.

அடுத்த ஆண்டு, 2018ல், தென் அமெரிக்கக் குழுக்களின் மகளிர் கிண்ணமான லிபெர்த்தாதோரஸே மனாவுஸுக்கு வந்தது. இராண்டுபாவும் ஆடி மூன்றாம் இடம் பிடித்தது. செங்கல் சூளை ஊரின் பெயர் கண்டம் முழுக்கக் கேட்டது. இறுதியாட்டத்தில் கொலம்பியாவின் அத்லெத்திகோ ஊய்லா, சந்தோஸைப் பெனால்டியில் வென்றது. பரிசு 55,000 டாலர். அந்தப் பணம் எங்களுக்கு வராது, எங்கள் குழுவின் ஆண்கள் பிரிவுக்குத்தான் போகும் என்று வென்ற அணியின் யொரெலி ரின்கோன் வெளிப்படையாகச் சொன்னதும் பெரிய சர்ச்சை ஆயிற்று. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டிய பேச்சா அது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தென் அமெரிக்கக் காற்பந்துக் கழகமும் பிரேசில் சம்மேளனமும் நல்ல எண்ணத்தோடு ஒரு விதி கொண்டுவந்தன. 2019லிருந்து, ஆண்களுக்கான முதல் பிரிவில் ஆடும் ஒவ்வொரு குழுவும் பெண்கள் அணி ஒன்றை வைத்திருக்க வேண்டும். நியாயமான விதி என்றுதான் நானும் சொல்வேன். அதுவரை பெண்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத பெரிய குழுக்கள் அவசர அவசரமாக அணி சேர்த்தன. எங்கிருந்து? பெண்களை வைத்து ஆடிக்கொண்டிருந்த சின்னக் குழுக்களிலிருந்து. தொலைக்காட்சிப் பணமும் விளம்பரதாரர்களும் பெரிய பெயர்கள் பின்னால் போனார்கள். ஆண்கள் குழுவின் பணம் பின்னால் நிற்காத இராண்டுபா போன்றவை தனித்து நின்றன. ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள். சம்பள நிலுவை பற்றிய செய்திகள் தேசிய ஊடகங்களில் வந்தன. 2020ல் தொற்று வந்து மனாவுஸ் மருத்துவமனைகள் நிரம்பி, புதைகுழிகளை இயந்திரம் வைத்துத் தோண்டிய காட்சிகளை நாமும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்தப் பருவத்தின் முடிவில் இராண்டுபா முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 25,371 பேர் கத்திய நாளிலிருந்து எண்ணினால் நான்கு ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை.

யாரும் கெட்டது செய்யவில்லை என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். பெண்கள் காற்பந்து மொத்தத்தில் வளர்ந்திருக்கிறதே என்கிறார்கள். உண்மைதான். 2022ல் சாவ் பாவ்லோவில் கொரிந்தியன்ஸ் ஆடிய இறுதியாட்டத்துக்கு 41,070 பேர் வந்தார்கள், மனாவுஸ் சாதனை பழங்கதை ஆகிவிட்டது. ஆனால் யாரும் பார்க்காத காலத்தில் பார்த்தவர்களுக்கு, யாரும் வளர்க்காத காலத்தில் வளர்த்தவர்களுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம். ரப்பர் விதை கதையைத்தான் நினைத்துக்கொண்டேன். இந்த ஊரிலிருந்து எடுத்துப் போனவை எல்லாம் வேறு எங்கோ போய்ச் செழிக்கின்றன. அதில் ஒன்றினால் என் குடும்பம் சோறு தின்றது என்பதால் எனக்கு அதிகம் பேச வாய் இல்லை.

2027 மகளிர் உலகக் கிண்ணம் பிரேசிலில் நடக்கப் போகிறது. தென் அமெரிக்காவுக்கு முதல் முறை. பிரேசில் கேட்டபோது கொடுத்த நகரப் பட்டியலில் மனாவுஸும் இருந்தது. 2025 மே மாதம் எட்டு நகரங்களை முடிவாக அறிவித்தபோது அதில் மனாவுஸ் இல்லை. தூரம், செலவு, விமானம் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆண்கள் உலகக் கிண்ணத்துக்கு அதே தூரத்தில் அரங்கமே கட்டினார்களே என்று ஓட்டுநர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் ஊர் காற்பந்தை விடவில்லை. மனாவுஸிலிருந்து 3பி என்ற புதிய பெண்கள் குழு ஒன்று 2024ல் இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறி, 2025ல் முதல் பிரிவில் ஆடியது. சந்தைக் கடை அம்மாவின் இரண்டாவது மகளுக்கு அந்தக் குழுவின் ஆட்டக்காரர்கள் பெயர் எல்லாம் மனப்பாடம். தாய்க்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "அது பச்சை இல்லையே" என்கிறார்.

நீங்கள் போவதாக இருந்தால் ஒன்றிரண்டு விஷயம். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் கரைகள் வெளியே வரும், நடக்க வசதி. ஆற்று மட்டம் ஆண்டுக்குள் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். துறைமுகச் சுவரில் ஆண்டு வாரியாக வெள்ளக்குறி போட்டிருக்கிறார்கள், 2021ன் குறி முப்பது மீட்டரைத் தாண்டி நிற்கிறது. சைவம் என்றால் மீன் ஊரில் கொஞ்சம் சிரமம். அவரை, சோறு, வறுத்த மரவள்ளி மாவு கிடைக்கும். துக்குமா என்ற பனம்பழ வகையைப் பாலாடைக்கட்டியோடு ரொட்டிக்குள் வைத்துத் தருவது காலை உணவு, எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. ஊறுகாய் எடுத்துப் போங்கள்.

இராண்டுபாவை விட்டுக் கிளம்பும் முன், சூளை ஒன்றுக்குப் பின்னால் ஒரு மண் திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பையன்கள் ஆடி முடிக்கும்வரை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் காத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்துத் திடல் நினைவுக்கு வந்தது. அங்கே பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்றது பந்து பொறுக்கிப் போட. இவர்கள் கைக்கடிகாரத்தைக் காட்டிப் பையன்களைத் துரத்தினார்கள். ஆறு மணியிலிருந்து திடல் அவர்களுடையதாம், சுவரில் சுண்ணாம்பால் எழுதியே வைத்திருந்தார்கள். ஒருத்தி போட்டிருந்த சட்டை வெளுத்து வெளுத்துப் பச்சையா வெள்ளையா என்று சொல்ல முடியாமல் இருந்தது. முதுகில் எண் மட்டும் பாதி ஒட்டியிருந்தது. யாருடையது என்று கேட்டேன். சித்தியுடையது என்றாள், கேட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

பூமத்திய ரேகை ஊர் அல்லவா, ஆறரைக்குள் இருட்டிவிட்டது. திடலில் இருந்த ஒற்றை மின்விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது. யாரோ சத்தம் போட்டார்கள். ஓரத்தில் நிறுத்தியிருந்த மூன்று மோட்டார் சைக்கிள்களைத் திடல் பக்கம் திருப்பி விளக்கைப் போட்டார்கள். ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தவன், சற்று முன்பு திடலை விட்டுத் துரத்தப்பட்ட பையன்களில் ஒருவன். பந்து வெளிச்சத்துக்குள் வந்தால் தெரிந்தது, வெளியே போனால் சத்தம் மட்டும் கேட்டது. பாலத்தில் நெரிசல் ஆரம்பித்துவிடும் என்று ஓட்டுநர் கூப்பிட்டார்.